வீட்டில் எத்தனை பேர்

இந்த ஊரில் எல்லாருக்கும் விரல் விறைக்கும்.
மைனஸ் முப்பத்தொன்றில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு
"விறைச்சுப் போச்சு" என்று நிர்மலன் வந்தபோது
கையுறை வாங்கிக் கொடுத்தேன்.
பிறகு அதைவிடத் தடித்தது ஒன்று.
அதற்கும் பிறகு ஜூலை வந்தது.
ஜூலையிலும் விறைத்தது.

பேக்கரியில் தட்டுச் சுட்டதை
அவருக்குச் சொன்னது மணம்தான்.
எங்கேயோ தோல் கருகுகிறதே என்று பார்த்தால்
தன் சுண்டுவிரல்.

இப்போது நவம்பர். மில்வூட்ஸ் முழுக்கப் பனி.
சுகாதாரப் பகுதித் தாதி எங்கள் குசினி மேசையில்
ஒரு படிவத்தை விரித்திருக்கிறாள்.
பெயர் மரிசெல். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு
தவளைப் படம் போட்ட காலுறையோடு வந்தாள்.
அந்தச் சொல்லை அவள்
தடிமன் காய்ச்சல் என்பதுபோலச் சொல்கிறாள்.
நிர்மலனோ ஆறு வாரமாய் அதைச் சொல்லவேயில்லை.
மட்டக்களப்பு வாவிக்குள் ஒரு தீவைக் காட்டி
ஊரே குரலைத் தாழ்த்திய பழக்கம்
அவர் தொண்டையில் இன்னும் இருக்கிறது.
"அந்த வருத்தம்" என்பார்.
குளிசையை மட்டும் நேரம் தவறாமல் போடுவார்.
முதல் நாள் சலம் சிவப்பாய்ப் போனபோது
என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வீட்டில் எத்தனை பேர்?
நான்கு, என்றேன்.

முதலில் பிள்ளைகள்.
ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள்.
தூண்டில் நரம்பைவிட மெல்லிய நைலோன் நூல்
வளையும்வரை தோலில் தொடுகிறது.
தொட்ட இடத்தை விரலால் காட்டவேண்டும்.
இங்கே. இங்கே. இங்கே.
ம்ஹும், இப்ப நீங்க தொடவேயில்லை!
மரிசெல் சிரித்தாள். பிடிபட்டுவிட்டேன், என்றாள்.
சின்னவனுக்கு எல்லா இடமும் கூச்சம்.

என் முழங்கைக்குப் பின்னே நரம்பைத் தேடி உருட்டினாள்.
பதினாறு வருடத் தாம்பத்தியம்
தொட்டறியாத ஒரு கயிறு.
தடிப்பில்லை.
முதுகில் ஒரு வெளிறல்.
டோர்ச் அடித்து வெகுநேரம் பார்த்து, பஞ்சால் வருடி,
தேமல்தான் என்றாள்.
நான் மூச்சு விட்டதை நிர்மலன் கண்டார்.
கண்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார்.
அதற்கு நான் என்ன செய்ய.

சில வருத்தம் வெளியே தெரிய வருடக்கணக்காகும்,
இன்றைக்கு ஒன்றுமில்லை என்றால்
இன்றைக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான்,
அடுத்த நவம்பரும் வருவேன் என்று
அவள் பையை மூடும்போது
சுவருக்குள் தண்ணீர் ஓடியது.

நாலு பேரும் மேசையடியில்.
கீழே யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள்.

யூட் அமலதாஸ். மூன்று வருடமாய்க் கீழறையில்.
வாடகை காசாகத்தான்; ரசீது இல்லை;
கோர்ட் இரண்டு தரம் இல்லையென்ற ஆள்.
பகலில் தூங்கி இரவில் இறைச்சி வெட்டப் போவான்.
ஞாயிறுகளில் நிர்மலனுக்குத் தலைமயிர் வெட்டிவிடுவான்,
ஒரே துவாய், ஒரே சீப்பு, ஒரே மீன்குழம்பு.
எந்தப் படிவத்திலும் அவன் குடியிருந்ததில்லை.

மரிசெல் ஒன்றும் கேட்கவில்லை.
பையை மறுபடி திறந்து மேசையில் வைத்தாள்.
"இதுக்குள்ள தோலுக்கும் நரம்புக்கும் சாமான் இருக்கு.
விசா பார்க்க ஒண்டும் இல்லை."
அவள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு இப்படித்தான் கேட்டது.

நான் நிர்மலனைப் பார்த்தேன். என் வாயால் முடியாது.
அவர் எழும்பினார். படிக்கதவைத் திறந்தார்.
இருட்டைப் பார்த்துச் சொன்னார்:
"யூட், எனக்குத் தொழுநோய்.
மேல வா. உனக்கும் பார்க்கவேணும்."

குழாய் நின்றது.
ஃபர்னஸ் மட்டும் இரைந்தது.
ஒன்று முதல் பதின்மூன்று வரை படிகள்;
எண்ணிக்கொண்டே இருந்தேன், பாதியில் ஒரு தரம் நின்றான்,
பிறகு வந்தான், ஈரக் கையோடு.

நாலை வெட்டி ஐந்தென்று எழுதினாள்.
பெயர் பிறகு, என்றாள்.

இப்போது யூட் கண்ணை மூடியிருக்கிறான்.
இங்கே, என்கிறான். இங்கே.
நூல் இடது பாதத்தின் ஓரத்துக்கு வருகிறது,
தொடுகிறது, வளைகிறது.
எங்கள் எல்லார் தோலிலும் படுகிறது.
அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.