பிரேக்கில் காற்று

பின்பக்கம், இடது.
திங்கள் எட்டு பத்துக்குச் சோதனை.
இவ்வளவுதான் ஐலா அனுப்பிய செய்தி,
நான்கு மாதத்தில் முதல் தடவையாக.
கொண்டு வா என்று தட்டினேன்.
முற்றுப்புள்ளி வைக்கலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன். வைத்தேன்.

கேமியில் ஏப்ரல் மாதம்
பனிக்கு அடியில் கிடந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைக்கும்:
ஒற்றைக் கையுறை, நாய்கள் விட்டுப்போனவை,
குளிர்காலம் முழுக்கச் சாலையில் இறைத்த உப்பு.
உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
அவளுடைய பதினெட்டு வயது ஸ்கோடா
துருவைக் குடித்திருந்தது.

கராஜுக்குள் ஓட்டி வந்தாள். இறங்கவில்லை.
ஜன்னலை மட்டும் நாலு விரல் இறக்கினாள்.
ஜாக்கி வைத்தேன், ஸ்டாண்ட் வைத்தேன், சக்கரத்தைக் கழற்றினேன்.
நிப்பிளில் எண்ணெய் அடித்து
சுத்தியலால் நாலு தட்டு தட்டி
காஸ் தீயில் சூடு காட்டினேன்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்,
ஒருவர் கால், ஒருவர் கை.
மூன்று சொல் போதும்:
அழுத்து. பிடி. விடு.

கிறிஸ்துமஸையும் மூன்று சொல்லில் முடித்திருக்கலாம்.
தொடைக்கறி அறுக்கும் கத்தி என் கையில்.
அவள் மகன் கப்பல் பள்ளியை விட்டு நின்றதற்கு
வளர்த்த லட்சணம் என்றேன்.
எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.
ஒன்னி மட்டும் என்னைப் பார்த்தான்,
பிறகு, மாமா, உருளைக்கிழங்கு இந்தப் பக்கம் இருக்கு, என்றான்.

அழுத்து.
அழுத்தினாள்.
பிடி.
பதினொன்றாம் நம்பர் ஸ்பானரை மெல்லத் திருகினேன்.
ஸ்பானர் திடீரென்று லேசானது.
மகிழ்ந்தேன், அரை நொடி.
காய்ந்த ரொட்டி ஒடிகிற சத்தம்தான், அதற்கு மேல் இல்லை.
தலை ஸ்பானரில்.
உடம்பு காலிப்பருக்குள்.

தெரிந்த கெட்ட வார்த்தைகளைச் சொன்னேன்.
நடுவில் துளை போட்டு
எக்ஸ்ட்ராக்டரை இறக்கி இடப்பக்கமாகத் திருகினேன்.
அதுவும் ஒடிந்தது.
உடைந்ததை எடுக்கப் போனது
உள்ளேயே உடைந்து உட்கார்ந்துவிட்டால்
அதைத் துளைக்கும் இரும்பு என்னிடம் இல்லை.
பக்கத்து வீட்டு டைஸ்டோவைக் கூட்டி வந்தேன்.
குனிந்து பார்த்தார்,
ஆமாம் என்பதை மூச்சை உள்ளிழுத்துச் சொன்னார்,
ஐலாவுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

சிமென்ட் தரையில் உட்கார்ந்தேன்.
உள்ளங்கையில் நிப்பிளின் தலை,
பால் பல் அளவு.
நடுவே ஓர் ஊசித்துளை,
அதுவும் துருவால் அடைந்திருந்தது.
இதன் வழியாகத்தான்
காற்று முழுக்க வெளியே வந்திருக்க வேண்டும்.

இன்னும் பிடிக்கணுமா?

முதலில் டைஸ்டோ திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
அவள் வலது கால் மிதியிலேயே இருந்தது.
முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.
ட்ரில் ஓடியபோதும்,
நான் வேலி தாண்டிப் போய் வந்தபோதும்,
நாற்பது நிமிடமாக,
மூன்றாவது சொல்லை நான் சொல்லவில்லை என்பதற்காக.

ஔலுவில் வேறு காலிப்பர் கிடைக்கும், என்றேன்.
செவ்வாய்க்கிழமை ஆகும்.
சோதனைக்கு வேறு நாள் கேள்.
அவளிடமிருந்து பதில் இல்லை.
ஒன்னிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும்,
செவ்வாயன்று அவன் வந்தால் நான்—
என்று ஆரம்பித்தேன். அது முடியவில்லை.
சுவரில் மாட்டிய கோடைக்கால டயர்களை
முன்கண்ணாடி வழியே எண்ணுகிறவள் போல் இருந்தாள்.
நாலுதான் இருக்கின்றன.

அன்றைக்கு நான், என்றேன்.

விடு, என்றாள்.

கால் மிதியிலேயே இருந்தது.
பிறகுதான் நினைவு வந்து
நானும் சொன்னேன்.