முப்பத்தொன்றரை

பழைய பள்ளிக்கூடத்தை இடித்த வாரம்
ஜன்னல்கள் இலவசம் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்.
பதினொன்று எடுத்தோம்.
ஒன்று, கடலோரச் சாலை வளைவில்
வண்டிக்குள்ளேயே உடைந்தது.
மிச்சம் பத்துக்கும் பொருந்த ஒரு வீடு
மின்கட்டண உறையின் பின்புறம்
அன்றிரவே ஒடெட் வரைந்துவிட்டாள்.
தக்காளி குடியேறப்போகும் வீடு.

அவள் மருத்துவமனையில் துணி வெளுக்கிறவள்.
நான் பேருந்து ஓட்டுகிறவன்.
எங்கள் இருவர் கையும் சேர்ந்து
அதுவரை அடித்த ஆணி நான்கு;
நான்கிலும் படங்கள் கோணலாகத் தொங்கின.

என் டேப்பில் அங்குலம்.
அவளுடையதில் சென்டிமீட்டர்.
நோவா ஸ்கோஷியாவில் இரண்டும்
ஒரே கடையில் ஒரே கொக்கியில் தொங்கும்.
"எண்பது!" என்று அவள் கத்த,
முப்பத்தொன்றரை என்று கட்டையில் பென்சிலால் குறித்து
அறுத்துத் தள்ளினேன்.
கணக்கு சரி.
கட்டை குட்டை.
மூட்டுக்கென்று முனையில் கொஞ்சம் விடவேண்டும் என்பதைக்
கட்டையே சொன்னது,
ஏழை அறுத்து முடித்த பிறகு.

தூணுக்குக் குழி.
இரண்டடியில் கருங்கல் தட்டுப்பட்டது.
போதும் என்றது முதுகு.
நாங்களும் முதுகின் பக்கமே பேசினோம்.

அக்டோபரில் கதவு மாட்டினோம்.
மூடவில்லை. ஒரு விரல் இடைவெளி.
கீலை மாற்றி, ஓரத்தை இழைத்து,
கடைசியில் கயிற்றால் கட்டினோம்.
அடுத்த வீட்டு மெர்ல் வெய்னோ
காப்பிக் கோப்பையோடு வந்து சுற்றிப் பார்த்தான்.
இந்தக் கரையில் ஆமாம் என்பதை
மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள்.
அப்படி ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.
எதற்கு ஆமாம் என்று தெரியவில்லை.

ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை
செருப்புக்கூட மாற்றாமல்
ஒடெட் பனியில் நின்று கூப்பிட்டாள்.
கதவு மூடியது.
யாரும் தொடவில்லை, க்ளிக் என்று மூடியது.
எட்டுத் தடவை திறந்து மூடிப் பார்த்தோம்.
பெருமையில் அன்று நான் வேலைக்குத் தாமதம்;
முதல் நிறுத்தத்தில் காத்திருந்தவர்களிடமெல்லாம்
கதவைப் பற்றிச் சொன்னேன்.

உறைந்த மண் உப்பி
இடது தூணை மேலே தூக்கியிருக்கிறது.
தச்சு வேலை பார்த்தது குளிர்.

ஏப்ரலில் மண் இளகியது.
தூண் ஏறிய வழியே இறங்கவில்லை, சாய்ந்தது.
இரண்டு கண்ணாடி விரிந்தன.
கதவில் இப்போது கை நுழையும்.
கை என்ன, கிரவுண்ட்ஹாக் ஒன்று முழுதாக நுழைந்து
நாற்றுத் தட்டு மூன்றையும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.
சாண் ஏறியது தூண்,
முழம் சறுக்கியது நாங்கள்.

எல்லாம் பிரித்தோம்.
நான்கடி. கடப்பாரை. மூன்று சனி ஞாயிறு.
நெஞ்சளவு குழிக்குள் நின்றபடி ஒடெட் சொன்னாள்:
"ரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான்.
வெந்நீர் ஊற்றினால் கறை தங்கிவிடும்."
எதற்கு இப்போது அது, என்றேன்.
"நாற்பது போர்வையைக் கெடுத்துத்தான்
அதைத் தெரிந்துகொண்டேன்.
இங்கே ஏழு கட்டைதானே."
கல்லை மேலே உருட்டிவிட்டாள்.
என் கால்விரலைத் தவறவிட்டது, நூலிழையில்.

அந்த ஏழையும் அவள் எறியவில்லை.
கத்தியால் பிளந்து சீவிப்
பாத்திக்கொரு பெயர்க்குச்சி ஆக்கினாள்.
பீட்ரூட். லீக். பட்டாணி.
மார்க்கர் மையில், வட்ட எழுத்தில்.

ஜூன் மழை மையைக் கழுவிவிட்டது.
பென்சில் மட்டும் அழியவில்லை.
வேலியோர மூலையில் ஒரு குச்சி;
ஒரு பக்கம் வெறும் மரம்,
மறுபக்கம் என் கையெழுத்தில் முப்பத்தொன்றரை.
அதன் அடியில் இரண்டிரண்டு இலையாக
வரிசையாக எதுவோ முளைத்திருக்கிறது.
"என்ன போட்டோம் இங்கே?"
அவளுக்கும் நினைவில்லை.
வரிசையைப் பார்த்தால் விதைத்தது போலத்தான்,
இலையைப் பார்த்தால் களை போலவும்.

வாளியை எடுத்து வந்தேன்.
முதல் தண்ணீர்
முப்பத்தொன்றரைக்கு.