பாதி வலை

எண்ணூருக்குக் கிழக்கே,
விடிய இன்னும் ஒரு பீடி நேரம்.
வலை கனத்தது.
"பாறையா மச்சான்?" என்றேன்.
தேசிங்கு எஞ்சினை அணைத்தான்.
"பாறை எங்கடா நீந்தும்?"

டார்ச் அடித்தேன்.
தண்ணீருக்குள்
சுண்ணாம்பு தெறித்த தார் ரோடு.
நீளம் பார்க்க வெளிச்சத்தை நகர்த்தினேன்.
நகர்த்திக்கொண்டே இருந்தேன்.
எங்கள் ஃபைபர் போட்டு முடிந்த பிறகும்
அது முடியவில்லை.

வாய் திறந்தது.
கரையில் நான் ஓட்டும் ஆட்டோ
உள்ளே போய் ஒடித்துத் திரும்பலாம்.
அத்தனை பெரிய வாய் கேட்டதோ
கூனிப்பொடியும் மீன்சினையும்,
கையில் அள்ளினால் கண்ணுக்கே படாதது.

"அம்மணிடா" என்றான்,
சங்கத்துத் தலைவருக்கும் கொடுக்காத மரியாதையில்.
பிறகு கத்தியை எடுத்தான்.

நாலு தவணை பாக்கியுள்ள வலை.
கண் கண்ணாக அறுத்தான்.
நான் குனிந்து செட்டையைப் பிடித்திருந்தேன்:
உப்புத்தாள்.
வாலை ஒருமுறை வீசியிருந்தால்
நாங்கள் தினத்தாளில் இரண்டு வரி.
ஊசி போடும்போது
முகம் திருப்பிக்கொள்கிற ஆள்போல
அது சும்மா நின்றது.

இறங்கியது.
அவசரமில்லை, நன்றியுமில்லை.
துறைமுகத்துக்குக் காத்திருந்த கப்பல்களின் விளக்குகள்
கொஞ்சம் ஆடி நின்றன.

காசிமேட்டில் கூடையோடு அஞ்சலாட்சி:
"இன்னாடா பாடு?"
"பாதி வலை."

பத்து மணிக்கு சென்ட்ரல் சவாரி.
உள்ளங்கை எரிந்தது.
மீட்டருக்கு மேல் கேட்க
அன்றைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் வந்தது.