கோர்ட் எண் ஏழு, மனாமா

தரவரிசை எழுநூற்றுப் பன்னிரண்டு.
டாஸ் போடும்போது நடுவர் என் பெயரை
மூன்றாகப் பிய்த்துப் போட்டார்:
செங். கமல. வல்லி.
சரிதான், மூன்று பேராகத்தான் வந்திருக்கிறேன்.
ஆடுபவள்.
மலிவு டிக்கெட் தேடுபவள்.
நேற்று நள்ளிரவு விடுதிக் கட்டில்மேல்
கைமெஷினை வைத்து
மட்டைக்கு நரம்பு கட்டியவள்.

எதிரே கசாக் பெண், வயது பதினேழு.
அவள் முழங்கால் அவளிடம் இன்னும் பேசியதில்லை.
என்னுடையது
படிக்கட்டைக் கண்டாலே ஆரம்பித்துவிடும்.

ஷமால் அடிக்கிறது.
சர்வுக்கு எறிந்த பந்து
தலைக்கு மேல் நிற்காமல்
கத்தார் பக்கம் போகிறது.
பிடிக்கிறேன். ஸாரி சொல்கிறேன். மறுபடி எறிகிறேன்.
பன்னிரண்டு வருடமாக என் உத்தியோகம் இதுதான்:
மறுபடி.

துண்டு மடிக்கும் பிச்சையா, கோவில்பட்டிக்காரர்,
காலையிலேயே கேட்டுவிட்டார்:
"ஜெயிச்சா எவ்வளவும்மா வரும்?"
"இது தகுதிச் சுற்றுண்ணே. ஒண்ணும் வராது."
"தோத்தா?"
"அதேதான்."
மடித்த துண்டைப் பிரித்து
இன்னொரு தரம் மடித்தார்.

கடைசி டைபிரேக், பத்துக்கு எட்டு.
வெளியே விழவேண்டிய என் பந்தைக்
காற்று கோட்டுக்குள் தள்ளியது.
கை உயர்த்தவில்லை.
தண்ணீர் குடித்தேன், நிறைய.

வரவேற்பறையில் சொன்னேன்:
இன்னும் ஒரு ராத்திரி அறை வேண்டும்.
பத்தொன்பது தினார் என்றான் பையன்.
கார்டு இரண்டாவது தேய்ப்பில் ஏற்றது.
"வாழ்த்துகள் மேடம்."

மேலே வந்து மெஷினை எடுத்தேன்.
சுருளில் மிச்சமிருக்கும் நரம்பு
ஒரு மட்டைக்குத்தான் வரும்.