பொடி எழுத்து

புந்தா அரேனஸில் காற்று
யாரையாவது கடைக்குள் தள்ளிவிட்டுத்தான் ஓயும்.
அன்றிரவு தள்ளியது நிபால்தோவை.
ஆட்டுரோமம் ஏற்றும் லாரிக்காரர், ஐம்பத்தெட்டு வயது.
ஏழு நிமிடம் இருமல் மருந்துகளைப் பார்த்தபடி நின்றார்.
இருமல் இல்லை.

"வழுவழுப்பாக ஏதாவது" என்றார் கடைசியில்,
கல்லாப்பெட்டியிடம், என்னிடம் அல்ல.
ஆணுறை இருக்கிறதாம். போன வாரம் கிழிந்துவிட்டதாம்.
என்ன பூசினீர்கள்?
உதட்டு வெடிப்புக்குத் தடவும் டப்பாவைக்
காற்றில் வரைந்து காட்டினார்.

நான் சிரிக்கவில்லை. இருபத்தோரு வருட இரவுப்பணியில்
சமையல் எண்ணெயும் கேள்விப்பட்டாயிற்று, கைக்கிரீமும்.
எண்ணெய்ப் பசை ரப்பரைத் தின்றுவிடும், சத்தமே வராது என்றேன்.
தண்ணீரில் செய்தது எடுங்கள். இல்லை, சிலிக்கான்.

மூன்று குழாய்களை எடுத்து வைத்தேன்.
கை நேரே போனது செர்ரி வாசனைக்கு,
'சூடேற்றும்' என்று தங்க எழுத்தில் மினுக்கியதற்கு.

கதவு திறந்தது. காற்றோடு ஒரு பெண்.
லாரியிலேயே இருக்கிறேன் என்றவள்தான் போல.
"அது வேண்டாம். எரியும்."
கருகிய ரொட்டியை ஒதுக்குகிற குரல்.
ஓர்ஃபெலினா. விலக்கு நின்று ஆறு வருடம்.
முன்பொரு வாசனைக் களிம்பு
இரண்டு நாள் நடக்கவிடாமல் செய்ததை
இவரிடம் சொன்னதில்லை.
என்னிடம் சொன்னாள், இவர் காதில் விழும்படி.

நிபால்தோ குழாயைக் கீழே வைத்தார்,
தணலைத் தொட்டவர் மாதிரி.

பின்புறத்து எழுத்து எறும்பைவிடப் பொடி.
இருவர் கண்ணாடியும் லாரியில்.
என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.
உலகம் எனக்கு மங்கிப்போனது.
மங்கலுக்குள் இரண்டு நரைத்த தலைகள்
முட்டிக்கொண்டு நின்றன.
அவள் எழுத்துக் கூட்டினாள்: கிளி-ச-ரின்.
சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.
பாராபென்.
தள்ளி வையுங்கள்.
விந்தணு கொல்லி என்று ஏதோ.
அது தோலையும் விடாது.
கடைசிக் குழாயில் படிக்க அதிகமில்லை.
அதுவே அவளுக்குப் பிடித்துவிட்டது.

முழங்கையின் உட்புறம் முதலில் ஒரு சொட்டு,
நாளைவரை பொறுத்துப் பாருங்கள் என்றேன்.
"நாளைவரையா?" என்றார் நிபால்தோ.
அவள் சிரித்த சிரிப்பில்
என் கண்ணாடி அவள் மூக்கிலிருந்து நழுவியது.

கோட்டு, ஸ்வெட்டர், ரவிக்கைக் கை,
மூன்றையும் சுருட்டிவிட்டு அவரே சொட்டு வைத்தார்.
சூட்டுக் கஞ்சியை ஆற்றுவதுபோல் ஊதவும் செய்தார்.
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

போன பிறகுதான் தெரிந்தது, கண்ணாடியும் போயிற்று.
விடியும்வரை மருந்துச்சீட்டுகளை
மூக்கோடு ஒட்டிப் படித்தேன்.

மறுநாள் இரவு கொண்டுவந்து தந்தார்.
"சிவக்கவில்லை" என்றார்,
இம்முறை என்னிடமே.