விடுவதற்கான கூலி

ரூவான் நகரில் தூறல்.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
மஞ்சள் தூள்.
ஈரமாகவே வைத்திருக்கிறோம், உலர்ந்தால் வெடிக்கும்.
எனக்கு வேண்டியது கடுகில் கால்வாசி.

இதே தூளை ஸேலி ஒஸ்மோன்
மண்வெட்டியால் அள்ளினாள்,
ஆற்றின் கீழ்ப்பக்கம்
பீரங்கிக் குண்டுகளுக்கு மருந்து நிரப்பும் கொட்டகையில்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு பிப்ரவரியில்.
மருத்துவ அறைப் பதிவேட்டில் அவளுக்கு மூன்று வரி:
வயது இருபத்திரண்டு.
ஓயாத வியர்வை, தாகம்.
காய்ச்சல், காரணம் புலப்படவில்லை.

அந்த ஏட்டுக்குள் மடித்துச் செருகிய தாள்.
அறைத்தோழி இர்மாவின் கோணல் எழுத்து:

"நிலக்கரி இல்லை ஐயா.
வாளித் தண்ணீர் ராத்திரியில் கல்லாகிவிடுகிறது.
நாங்கள் நாலு பேர் ஒரே கட்டிலில்.
ஸேலியை நடுவில் போட்டுக்கொள்வோம்,
அவள்தான் எங்கள் அடுப்பு.
என் பங்கு ரொட்டியில் பாதி அவளுக்கே தருகிறேன்.
தின்கிறாள், தின்கிறாள், இளைக்கிறாள்.
மோதிரம் நிற்காமல் நூல் சுற்றியிருக்கிறாள்.
படியேற முடியவில்லை அவளால்.
சோம்பேறி என்று மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடித்தார்.
காய்ச்சல் என்றால் குளிர வேண்டாமா?
இவளுக்குக் குளிரவே இல்லை."

பதில் எதுவும் ஏட்டில் இல்லை.
நான் எழுதுகிறேன் இர்மா,
நூறு வருஷத்துக்கு மேல் பிந்தி.

உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் அணைகள்.
ரொட்டியை எரித்து எரித்து
புரோட்டான்களை ஒரு பக்கமாக இறைக்கிறோம்.
மெல்லிய சவ்வு அதைத் தேக்கிவைக்கிறது.
மதகு வழியன்றி இறங்க வழியில்லை,
மதகில் ஒரு சக்கரம்.
அதைச் சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும்.
சுற்றச் சுற்றச் சில்லறை விழும்.
ஏடிபி என்று பெயர்.
இமைக்க, படியேற, இன்னொரு மூச்சு இழுக்க
உடம்பு எண்ணிக் கொடுப்பது அந்தச் சில்லறையைத்தான்.

இந்த மஞ்சள் தூள் கள்ளத்தோணி.
கொழுப்பாலான சவ்வில் தானும் கரைந்து
அக்கரையில் ஒரு புரோட்டானை ஏற்றி
இக்கரையில் இறக்கிவிட்டுத்
திரும்பிப் போகும், மறுபடி ஏற்றும், மறுபடி.
காவலும் கிடையாது, சுங்கமும் கிடையாது.
இறைப்பு நிற்கவில்லை இர்மா,
தேங்குவதுதான் நின்றது.
கடைமடை காய்ந்தது.
விழலுக்கு இறைத்த நீர் என்பார்களே,
இது விழலுக்குக்கூட இல்லை,
நீ கொடுத்த பாதி ரொட்டி நேராகச் சூடாயிற்று.

அந்தச் சூட்டில்தான் நீங்கள் மூவரும் உறங்கினீர்கள்.
குற்றம் சொல்லவில்லை.
பிப்ரவரி அது.

ஊசியை அழுத்துகிறேன்.
விடியலில் எலியின் ஈரலிலிருந்து பிரித்த
மைட்டோகாண்ட்ரியா, ஒரு சொட்டுக் கலங்கல்,
திடுக்கிட்டு மூச்சிரைக்கிறது.
திரையில் ஆக்ஸிஜன் கோடு செங்குத்தாகச் சரிகிறது.
பந்தயக் குதிரையின் மூச்சு,
ஓடிய தூரம் சுழி.
"என்ன அழகான சரிவு" என்கிறான் பக்கத்து மேசை கொரான்தேன்.
அழகுதான்.

தாளின் மறுபக்கம் வேறு மை:

"செவ்வாய் ராத்திரி போய்விட்டாள்.
போன பிறகும் சுட்டது.
என் மணிக்கட்டைப் பிடித்தபடியே, உடனே விறைத்துவிட்டாள்.
ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.
கரண்டி தூக்க முடியாதவளுக்கு
அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?"

பலமில்லை இர்மா.
தசைக்குள் இழையை இழை பற்றுகிறது.
பற்றியதை விடுவிக்கத்தான் ஒரு சில்லறை வேண்டும்.
ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு இழைக்கும்.
அவளிடம் அதுவும் தீர்ந்திருந்தது.

முதலில் பற்றியது எதற்கென்று
நீ கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அதற்கு என்னிடம் கருவி இல்லை.

கையுறை நுனியில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது.
கழற்றிப் போட்டுவிட்டு
வேறொன்றை மாட்டிக்கொள்கிறேன்.
ஐஸ் பெட்டியில் இன்னும் நான்கு குப்பிகள்.