ஜோடி

கப்பலூர் டோல்கேட்டில் விடியற்காலை மூன்று.
சாவியைத் திருகினேன்: ‘டொக்’.
அவ்வளவுதான்.
பன்னிரண்டு சக்கரமும் இருபது டன் வெங்காயமும்
என் வாயைப் பார்த்தன.

மாட்டுத்தாவணியில் மைதீன்பிச்சை
அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார்.
ஒன்று செத்திருந்தது. மற்றது இழுத்துக்கொண்டிருந்தது.
"ஒண்ணு மட்டும் போடவா?"
"பழசோட புதுசைக் கட்டினா
புதுசைப் பழசு குடிச்சிரும்ணே."

நூற்றைம்பதா, நூற்றெண்பதா?
அட்டையில் ஆம்பியர் ஆயிரம் சொல்லும்.
தூக்கிப் பார்த்தேன். இடுப்பு சொன்னதை வாங்கினேன்,
இரண்டாக.
பின்டயருக்கு வைத்திருந்த பணம்.
பழையவை தராசில் ஈயமாயின.

ஒரே திருகலில் உறுமியது.
அணைத்துவிட்டு இன்னொரு முறை போட்டேன்,
சும்மா.
கிளீனர் தவசி சிரித்தான்.

இருந்தாலும்
ஒத்தக்கடையில் டீக்கு நிறுத்தும்போது
கால்
சரிவைத்தான் தேடுகிறது.